அரசர் முகம் பதித்த முட்டை

சாமரநாடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அது நமக்கு அருகில் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு அருகில் இருக்கும் நாடுகளில் இப்படியெல்லாம் நடப்பதில்லை.

அந்த நாட்டை மூன்றாம் தர்மகேது ஆண்டுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. யாராவது அழுதால் அவருக்கும் கண் கலங்கிவிடும். ஆகவே அவர் போகும் இடங்களில் யாரும் அழாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு துறை இருந்தது.

ஒருநாள் அவர் கரிசல்பேட்டை என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்குப் புது மணி ஒன்றைத் திறந்துவைக்கப் போனார். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று அரச வாழ்த்துப் பாடினார்கள். வாழ்த்து நீளமானது. அரசரின் குலம், குணம், குதிரை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு அது அவருடைய மீசைக்கு வந்தபோது, முன்வரிசையில் நின்ற வடிவு என்ற சிறுமி அப்படியே சரிந்து அரசரின் காலடியில் விழுந்தாள். அரசர் நெகிழ்ந்துபோனார். குனிந்து அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். பின்னால் இன்னொரு பிள்ளை விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"போதும், போதும். உங்கள் பக்தியை ஏற்றுக்கொண்டோம். எழுந்திருங்கள்" என்றார் அரசர்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் பெருக்கும் உலகம்மை கையில் விளக்குமாறோடு ஓரமாக நின்றிருந்தாள். கட்டை குட்டையான பெண். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து வடிவைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டாள்.

"அது பக்தி இல்ல சாமி, பசி" என்றாள். "காலையில ஒண்ணும் திங்காம வந்திருக்கு. மத்தியானமும் ஒண்ணும் திங்காது. இங்க நிக்குற முக்காவாசிப் பிள்ளைவளும் அப்படித்தான்."

அழுகைத் தடுப்புத் துறையினர் பாய்ந்து வருவதற்குள் அரசரின் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார்: நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிகளிலும் மத்தியானம் சுடச்சுடச் சோறு, பருப்பு நிறையப் போட்ட சாம்பார், கீரை, ஆளுக்கொரு அவித்த முட்டை. கரிசல்பேட்டைக்கு உலகம்மையே சமையல்காரி.

அதற்குப் பிறகு வந்த சில மாதங்கள்தான் சாமரநாட்டின் வரலாற்றிலேயே நல்ல மாதங்கள். அரண்மனைப் புலவர்கள் அதைப்பற்றி எதுவும் எழுதவில்லை, ஏனென்றால் அப்போது விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். வடிவின் வாயோரத்துப் புண் ஆறியது. செம்பட்டை பாய்ந்திருந்த முடி கறுத்தது. மாடு மேய்க்கப் போயிருந்த பிள்ளைகள் சோற்று வாசனைக்கு வந்து, வந்ததற்காக உட்கார்ந்து, உட்கார்ந்ததற்காகக் கொஞ்சம் படிக்கவும் செய்தார்கள். வாய்ப்பாடு சொல்லும்போது நடுவில் யாரும் தூங்கி விழவில்லை. உலகம்மைக்குப் புகழ்ச்சி பிடிக்கும். "இன்னைக்கு சாம்பார் எப்படிட்டி இருக்கு?" என்று பந்தி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருவாள். "நல்லாருக்கு அத்த" என்று சொல்கிற பிள்ளைக்கு ஒரு கரண்டி கூட விழும். ஆகவே எல்லாரும் சொன்னார்கள்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் நாட்டில் பிள்ளைநல மந்திரி என்று ஒருவர் இருந்தார். பெயர் நாவுக்கினியார். பிள்ளைகள் நன்றாக இருக்கும்போது பிள்ளைநல மந்திரிக்கு என்ன வேலை என்று யாரோ அவையில் கேட்டுவிட்டார்கள். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அரசரிடம் போனார்.

"மன்னா, பிள்ளைகள் முட்டை தின்கிறார்கள்."

"நல்லதுதானே?"

"மிக நல்லது. ஆனால் தின்னும்போது யாரை நினைக்கிறார்கள்?"

அரசர் யோசித்தார். "யாரை?"

"கோழியை, மன்னா."

அவை உறைந்துபோனது. அரசரின் முகம் வாடியது. கோழிமேல் அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனாலும், முட்டையைக் கொடுத்தவரை விட்டுவிட்டு, அதைப் போட்ட கோழியை நினைப்பது முறையில்லை என்று அவருக்கும் பட்டது. அன்று மாலையே உத்தரவு வந்தது: இனி ஒவ்வொரு முட்டையிலும் அரசரின் திருமுகம் அச்சிடப்படும்.

முட்டைகள் தலைநகருக்குப் போய் முகம் வாங்கிக்கொண்டு திரும்பி வரவேண்டியிருந்தது. வழியில் சில உடைந்தன, சில காணாமல் போயின. வந்து சேர்ந்தவை நன்றாகவே இருந்தன. முட்டையின் வடிவம் அரசரின் தலைக்குப் பொருத்தமாக இருந்ததால் ஓவியம் தத்ரூபமாக அமைந்திருந்தது. வடிவு தன் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்போதும்போலப் பலகையின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டு, மூக்கில் விழுந்தது.

பார்வையிட வந்திருந்த அதிகாரி அலறினார்.

"அரசரின் மூக்கை உடைத்தவள் யார்?"

"முட்டையத்தான் உடைச்சேன்" என்றாள் வடிவு.

விஷயம் அவைக்குப் போனது. நாவுக்கினியார் புதிய சட்டம் ஒன்றை எழுதினார். அரசரின் முகத்தை உடைப்பது, கீறுவது, உரிப்பது எல்லாம் ராஜதுரோகம். தண்டனை சிறை. அவர் எழுதிய வேகத்தில் வயது வரம்பு குறிப்பிட மறந்துவிட்டார். முதல்முறை என்பதால் வடிவு மன்னிக்கப்பட்டாள். முட்டையை உரிக்கும் உரிமை இனி ஓடுநீக்கல் அலுவலர்களுக்கு மட்டுமே என்றாயிற்று. அலுவலர் குதிரையில் வருவார். வாழ்த்துப் பாடப்படும். அவர் வெள்ளைக் கையுறை அணிந்து, முகம் சிதையாமல் ஓட்டைக் கழற்றிப் பட்டுத்துணியில் வைப்பார். ஓடுகள் மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போய் ஆற்றில் கரைக்கப்படும்.

பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே அலுவலர்தான். அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அவித்த முட்டைகள் அவருக்காகக் காத்திருந்தன, கோடையிலும் காத்திருந்தன. அவர் வந்து உரித்தபோது வந்த நாற்றத்தில் அவருடைய குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பசியில் தின்ற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, நானே உரிச்சுக் குடுத்திருதேன். கண்ண மூடிக்கிட்டு உரிக்கேன். எந்த மூஞ்சியையும் பாக்கல."

"உங்களிடம் கையுறை இருக்கிறதா?" என்று கேட்டார் அலுவலர்.

"கை இருக்கு."

"கையுறை இல்லாத கை சட்டத்தின் பார்வையில் கை ஆகாது" என்றார் அவர்.

வயிற்றுப்போக்குச் செய்தி அரசரை எட்டியது. தம் முகத்தைத் தின்று பிள்ளைகளுக்கு நோய் வந்தது அவருக்கு அவமானமாக இருந்தது. நாவுக்கினியார் ஆறுதல் சொன்னார். குற்றம் முட்டையில் இல்லை, தின்றதில்தான் இருக்கிறது என்று விளக்கினார். அரண்மனை வைத்தியர்களும் ஆமோதித்தார்கள். சத்து கண் வழியாகவும் உடலில் சேரும், அதிலும் அரச முகத்தை உற்றுப் பார்த்தால் விரைவாகச் சேரும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதன்படி முட்டை தரிசனத்துக்கு மட்டும் என்று ஆனது. ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் ஒரு முட்டை வைக்கப்படும். பார்ப்பார்கள். பிறகு அரசு ஆட்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கையுறை, குதிரை, பட்டு, மேளம் ஆகியவற்றின் செலவை ஈடுகட்டப் பருப்பு நிறுத்தப்பட்டது. கீரை பிறகு நின்றது. சாம்பாரின் நிறம் மட்டும் பாரம்பரியம் கருதித் தொடர்ந்தது.

பிள்ளைகள் மறுபடியும் இளைத்தார்கள். வடிவின் வாயோரம் மறுபடி வெடித்தது.

இந்த நேரத்தில், ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரத்தை அளந்து அரசருக்குச் சொல்லவேண்டிய கடமை நாவுக்கினியாருக்கு வந்தது. வளர வேண்டிய பிள்ளைகள் வளரவில்லை. அவர் கலங்கவில்லை.

"பிள்ளைகள் குட்டையாக இல்லை, மன்னா. நம் அளவுகோல்தான் நீளமாக இருக்கிறது. முன்னோர் செய்த பிழை."

அளவுகோல் ஒரு சாண் வெட்டப்பட்டது. பிள்ளைகள் ஒரே இரவில் வளர்ந்தார்கள். அரசர் இனிப்பு வழங்கினார், அரண்மனைக்குள். அதே கோலால் வயல்களையும் அளந்ததால் எல்லாருடைய நிலமும் பெருகிவிட்டது, வரியும் பெருகிவிட்டது. துணிக்கடையிலும் அதே கோல்தான். பெண்கள் வழக்கமான அளவு சொல்லிப் புடவை வாங்கி வந்து கட்டிப் பார்த்தால் முந்தானையைக் காணவில்லை. சண்டை போடாமலே நாடு விரிவடைந்துவிட்டதாக அரண்மனைப் புலவர் ஒருவர் பாடிப் பரிசு வாங்கினார்.

வடிவு இந்தமுறை வாழ்த்துப் பாடும்போது விழவில்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போது விழுந்தாள். நல்லவேளையாக வெளிப்பக்கம் விழுந்தாள். உலகம்மை ஒரு கையாலேயே அவளைத் தூக்கிவிட்டாள். பிள்ளை அவ்வளவு லேசாக இருந்தாள்.

மறுநாள் உலகம்மை தன் வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். நாட்டுக்கோழி முட்டை, பழுப்பு நிறம், யார் முகமும் இல்லை. ஊர்ப் பெண்களிடமும் கேட்டு வாங்கினாள். அவித்து, தானே உரித்து, உப்பு தொட்டுப் பிள்ளைகள் வாயில் வைத்தாள். சில நாட்கள் நடந்தது. பிறகு அலுவலர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்.

"இதில் முகம் எங்கே?"

"கோழி போடும்போதே இல்ல ஐயா."

முகமற்ற முட்டை வழங்கியது, அனுமதியின்றி ஊட்டியது, ஊட்டும்போது சிரித்தது என்று அவள்மீது குற்றங்கள் சுமத்தப்பட்டன. தீர்ப்பு அன்றே வந்தது: சிறை. வண்டியில் ஏற்றும்போதும் உலகம்மை பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டுதான் போனாள். "அடுப்பு மேல ஒரு சட்டியில மிச்சம் இருக்கு. அந்தக் குதிரைக்காரன் பாக்கதுக்குள்ள தின்னுருங்கடே!"

சாமரநாட்டின் சிறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அரசரின் பாட்டனார் இளவயதில் எதிரி நாட்டில் சிறைப்பட்டுப் பட்டினி கிடந்தவர். திரும்பி வந்து பட்டம் கட்டிக்கொண்டதும் அவர் செய்த முதல் வேலை, சிறைக் கைதிகளுக்குச் சோறு, பருப்பு, கீரை, முட்டை, மோர் என்று விதித்து அதைச் சிறை வாசலில் கல்லில் வெட்டிவைத்தது. தன் வாரிசுகள் யாரும் இதில் கைவைக்கக்கூடாது என்றும் வெட்டினார். கல்லில் இருந்ததாலும், மந்திரிகள் யாரும் அந்தப் பக்கம் போகாததாலும் அது திருத்தப்படாமல் தப்பியிருந்தது.

முதல்நாள் தட்டைப் பார்த்ததும் உலகம்மை, தவறி யாருடைய தட்டோ வந்துவிட்டது என்று நினைத்துக் கூப்பிட்டாள். சிறையதிகாரி காளத்தி வந்தார். பெரிய மீசை, அலுத்துப்போன கண்கள்.

"உன் தட்டுதான்மா. சாப்பிடு. சாம்பார் சுமாரா இருக்கும், சமையக்காரன் விடுதலையாகிப் போயிட்டான்."

மறுநாளிலிருந்து சிறைச் சமையல் உலகம்மையிடம் வந்தது.

பார்வையாளர் நாளன்று வடிவு தன் அம்மாவோடு வந்தாள். உலகம்மை கம்பிகளுக்கு இடையே தன் தட்டை நீட்டினாள். வடிவு கை நீட்டுவதற்குள் காளத்தி குறுக்கே வந்தார். அவருக்கும் பிடிக்கவில்லைதான், ஆனாலும் வந்தார்.

"கைதிச் சாப்பாடு கைதிக்கு மட்டும்தான் பாப்பா. விதி."

வடிவு முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் சத்து சேருகிறதா என்று அவளுக்கு நல்ல அனுபவம் இருந்தது.

"கைதியாகணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஏட்டி, வாய மூடு!" என்றாள் உலகம்மை.

காளத்தி விதிகளைக் கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர். "அரசர் முகத்த உடைக்கணும்" என்றார்.

மறுநாள் தரிசன நேரத்தில் வடிவு தன் முன் வைக்கப்பட்ட முட்டையை எடுத்தாள். வகுப்பே பார்த்தது. பலகையின் விளிம்பில் வைத்து, இந்தமுறை குறிபார்த்து, மூக்கிலேயே தட்டினாள்.

அன்று மாலை அவளைச் சிறைக்குள் கொண்டுவந்து விட்டபோது உலகம்மை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். "படிக்க வேண்டிய பிள்ள இங்கயா வருவ? உங்கம்மா என்னட்டி ஆவா?" ஓங்கிய கை பிள்ளையின் தோளில்தான் விழுந்தது. தோள் எலும்பு கையில் தட்டுப்பட்டது. அதற்குமேல் அவளுக்குத் திட்ட வரவில்லை. தட்டைப் போட்டாள். வடிவு தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாம்பார் நல்லாருக்கு அத்த" என்றாள் வடிவு.

அந்த வாரத்துக்குள் கரிசல்பேட்டைப் பள்ளிக்கூடமே சிறைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் தலைமையாசிரியரும் வந்தார். பதவிக்கு ஏற்றபடி இரண்டு கையிலும் இரண்டு முட்டைகளை உடைத்துவிட்டு வந்தார். வந்ததும் சிறை முற்றத்தில் வகுப்பு தொடங்கியது. சில மாதங்களில் வடிவின் கன்னம் மேடிட்டது. கொள்ளைக்காரன் ஒருவன் அவளோடு போட்டி போட்டு வாய்ப்பாடு படித்தான், தோற்றான்.

அப்போதுதான் அண்டை நாடுகளின் பிள்ளைநலப் பேரவையிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளை அளந்து பார்ப்பார்களாம். தங்கள் அளவுகோலைத் தாங்களே கொண்டுவருவார்களாம். நாவுக்கினியாருக்கு வியர்த்தது. ஊர் ஊராக ஆள் அனுப்பி, கண்ணுக்கு நிறைவான பிள்ளைகள் எங்காவது இருக்கிறார்களா என்று தேடச்சொன்னார். சிறையில்தான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

வாசலில் ஒரே இரவில் 'மாமன்னர் தர்மகேது மாதிரிப் பள்ளி' என்ற பலகை ஏறியது. கொள்ளைக்காரர்களுக்கு ஆசிரியர் உடை தைக்கப்பட்டது. பேரவையினர் வந்தார்கள், அளந்தார்கள், வியந்தார்கள். மதில் ஏன் இவ்வளவு உயரம் என்று ஒருவர் கேட்டார்.

"பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அழுவார்கள். அந்தச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதல்லவா?" என்றார் நாவுக்கினியார்.

"இந்தச் சாம்பாரை யார் செய்தது?" என்று இன்னொருவர் கேட்டார். உலகம்மை முன்னால் வந்து தலை நிமிர்ந்து நின்றாள். அவளுக்குப் புகழ்ச்சி பிடிக்கும் என்பதைச் சொன்னேன். ஆனால் அன்று அவள் வேறொன்று சொன்னாள். "ஐயா, இதே சாப்பாட்ட வெளிய இருக்க பள்ளிக்கூடத்துலயும் போடச் சொல்லுங்க." பேரவையினருக்கு மொழி தெரியாது. இதையும் மந்திரியே மொழிபெயர்த்தார்: "மன்னருக்கு நன்றி சொல்கிறாள்."

அரசருக்குப் பேரவையின் தங்கக் கரண்டி விருது கிடைத்தது. செய்தி பரவியதும் நாட்டிலுள்ள எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று புரிந்தது: பிள்ளை தேற வேண்டுமானால் சிறைதான். விடியுமுன்பே சிறை வாசலில் வரிசை நின்றது. அவையில் மட்டும் ஓர் இளம் உறுப்பினர், சிறைச் சாப்பாட்டையே பள்ளிக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

"அது கைதிகளின் பாரம்பரியம். மற்றவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் மனம் புண்படும்" என்றார் நாவுக்கினியார். இளம் உறுப்பினர் மனம் புண்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பதிலாகச் சிறையில் சேர நுழைவுத் தேர்வு வந்தது. பிறகு நேர்காணல் வந்தது, பிறகு சிபாரிசு வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த முட்டையை எப்படி உடைப்பது என்று தனியாகப் பயிற்சி கொடுக்கப்பட்டது. மந்திரியின் பேரனுக்கு ராஜதுரோகத்தில் இடம் கிடைக்காமல், கடைசியில் வழிப்பறியில்தான் கிடைத்தது. அந்த வீட்டில் அதுவே ஒரு மனக்குறை. இடம் போதவில்லை. எனவே கரிசல்பேட்டைப் பிள்ளைகளையும் உலகம்மையையும் நன்னடத்தைக்காக விடுதலை செய்தார்கள்.

"நான் என்னைக்கு ஒழுங்கா நடந்தேன்?" என்று உலகம்மை காளத்தியிடம் சண்டைபோட்டாள். "உங்க மீசையப் பத்தி நான் சொன்னதெல்லாம் மறந்துபோச்சா? இந்தப் பிள்ளைவள வெளிய விட்டா என்னத்தத் திங்கும்?"

காளத்தி தரையைப் பார்த்தபடி கதவைத் திறந்துவிட்டார்.

அவர்கள் வெளியே வந்த அன்றுதான் தங்கக் கரண்டியின் ஊர்வலம். அரசர் யானைமேல் வந்தார். கரண்டி இன்னொரு யானைமேல் வந்தது. கூட்டம் ஆரவாரித்தது. உலகம்மை ஒரு கையில் வடிவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மற்றொரு கையில், சிறைச் சமையலறையிலிருந்து கிளம்பும்போது பிள்ளைகள் வழியில் தின்பதற்கென்று எடுத்து வந்த முட்டைகள் இருந்தன. அவிக்க நேரமிருக்கவில்லை. யானை நெருங்கியபோது அவள் வடிவின் கையை விட்டாள்.

முட்டை நேராகப் போய் அரசரின் முகத்தில் உடைந்தது. அச்சிட்ட முகத்தில் இல்லை, நிஜ முகத்தில். மஞ்சள் கரு மீசை வழியாக இறங்கியது.

மேளம் நின்றது. உலகம்மையையும், அவள் பின்னால் நின்ற கரிசல்பேட்டைப் பிள்ளைகள் அத்தனைபேரையும் காவலர்கள் வளைத்துக்கொண்டார்கள். அரசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்திருந்தது.

"இந்த நாட்டிலேயே கொடிய தண்டனை எதுவோ, அதைக் கொடுங்கள்!"

"சிறை..." என்று ஆரம்பித்த நீதிபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருடைய மகளுக்கே போன வாரம்தான் அங்கே இடம் கிடைத்திருந்தது. நாவுக்கினியார் அவர் காதில் ஏதோ சொன்னார். நீதிபதி முகம் வெளுத்து, அது அவ்வளவு அவசியமா என்பதுபோல அரசரைப் பார்த்தார். அரசர் தலையசைத்தார்.

"இவர்கள் அனைவரும் கரிசல்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள்" என்று நீதிபதி நடுங்கும் குரலில் வாசித்தார். "சலுகை எதுவும் கிடையாது. மத்தியானம் அங்கே கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் சிலர் வாய்விட்டு அழுதுவிட்டார்கள். தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

உலகம்மை வடிவைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "எத்தன வருசத்துக்கு?" என்று கேட்டாள்.

நீதிபதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எட்டாம் வகுப்பு முடியும்வரை" என்றார்.